இழுப்பறையில் நான்கு நாள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பீர்கள். என் புத்தகம் முடிந்துவிட்டது. லேப் மாணவர்களுக்கான கையேடு, பதினோரு பாடங்கள். மார்ச் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்கு நீங்கள்தான் முன்னுரை எழுத வேண்டும்.

மறுக்க முடியாது. முதல் பாடமே உங்களைப் பற்றியது. தலைப்பு 'இரண்டாம் பார்வை'. காசநோய்க்காக ஒருவர் பார்த்த சளி ஸ்லைடை இன்னொருவர் மறுபடி பார்க்காமல் ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது என்ற நம் வழக்கம் எப்படிப் பிறந்தது என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஆஸ்பத்திரி லேப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு சாயங்காலம் குடையை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். எல்லோரும் போயாயிற்று. நீங்கள் மட்டும் என் ஸ்லைடு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தீர்கள். "அண்ணே, நான் பாத்ததை மறுபடி பாக்கறீங்களா? அப்ப உங்களோடதை நான் பாக்கறேன்" என்றேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். மறுநாளிலிருந்து இன்றுவரை முப்பத்திரண்டு வருஷமாக லேப்பில் அப்படியே நடக்கிறது. இந்தக் கதையைச் சொல்லாமல் எந்த வகுப்பையும் நான் தொடங்கியதில்லை. மாணவர்கள் உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் 'ரெண்டாம் பார்வைத் தாத்தா' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் ஆட்களில் அந்த லேப்பில் கால் வைத்த முதல் ஆள் நான். என் நிறத்தையும் முடியையும் பார்த்துவிட்டு ஸ்டோர்காரர் "பரவாயில்லையே, நம்ம பாஷை நல்லாத்தான் பேசறே" என்றதும், "நீங்களும் பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் பழகினா வந்துடும்" என்று நான் சொன்னதும் புத்தகத்தில் உண்டு. அவர் எனக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்ததும் உண்டு. தாத்தா கடல் கடந்து கப்பலில் வந்ததற்குப் பேரன் சுமந்த பட்டம். ஆனால் அந்த அறையில் ஒருவர் என் வேலையை இரண்டு முறை பார்க்கும் அளவுக்கு மதித்தார் என்பதுதான் முதல் பாடம்.

இரண்டு பக்கம் போதும். என் வீட்டுக்காரி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இன்னும் குழம்பாதீர்கள். பின்.

உங்கள்
தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கால் அல்ல. முன்னுரையை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கும் நன்றாகவே வந்தன. அதனால்தான் கிழித்தேன்.

நீ குடைக்காகத் திரும்பி வந்த சாயங்காலம் எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. நீ பார்த்தது உண்மை. நீ புரிந்துகொண்டதுதான் உண்மையில்லை. அதைத் திருத்த எனக்கு முப்பத்திரண்டு வருஷம் இருந்தது. திருத்தவில்லை. இப்போது அது அச்சாகப் போகிறது என்பதால் எழுதுகிறேன். இது தைரியம் அல்ல. பயத்தில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீ லேப்பில் சேர்ந்த முதல் நாள், தலைமை மருத்துவர் உன்னை அழைத்துவந்து என் பக்கத்து மேஜையில் உட்காரவைத்தார். நான் எழுந்து கை கொடுத்தேன். அப்போது எனக்குள் ஓடியது இதுதான்: இந்த ஆட்களுக்குப் பொறுமை கிடையாது, ஒரு ஸ்லைடில் நூறு இடம் பார்க்கச் சொன்னால் இருபது பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள், இவன் கையால் போகும் ரிப்போர்ட்டை நம்பி ஒருவனுக்குக் காசநோய் இல்லை என்று எப்படிச் சொல்வது. நீ இன்னும் ஒரு ஸ்லைடைக்கூடத் தொட்டிருக்கவில்லை. உன் கையைப் பார்த்தேன், முடியைப் பார்த்தேன், முடிவு செய்துவிட்டேன்.

அன்று முதல் நீ வீட்டுக்குப் போன பிறகு உன் பெட்டியைத் திறந்து, நீ பார்த்த ஒவ்வொரு ஸ்லைடையும் மறுபடி பார்த்தேன். அது மதிப்பு அல்ல, அக்கறையும் அல்ல. உன்னைப் பிடிப்பதற்காகப் பார்த்தேன். உன் தவறுகளைக் குறித்துவைக்க ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அந்த நோட்டை மேஜையில் வைத்து, உன்னை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்.

நீ குடைக்காக வந்தபோது மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். நீயோ சிரித்துக்கொண்டு, உங்களுடையதை நான் பார்க்கிறேன் என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாய்.

இந்த இடத்தில் என் அப்பா சிறு வயதில் உங்கள் ஆட்களைப் பற்றி எனக்குச் சொன்னதை ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்திநான்கு வயது. படித்தவன். அப்பா இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

அந்த எண்ணம் இப்போது என்னிடம் இல்லை. எந்தத் தேதியில் போனது என்று கேட்டால் தெரியாது. உன் வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் போயிருக்கலாம். இதையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

முன்னுரை எழுத எனக்குத் தகுதி இல்லை. முதல் பாடத்தை எடுத்துவிடு.

உன்
அண்ணன் என்று எழுதக் கை கூசுகிறது

மார்ச் 2

ஐயா,

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் படித்தேன். வகுப்புக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்து பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. மூன்று பஸ் போனது.

இப்போது என்னிடம் கேள்விகள் மட்டும் இருக்கின்றன.

என்னோடு அதே வாரம் சேர்ந்தாரே, உயரமான இளைஞர், உங்கள் நிறத்துக்காரர். அவர் பார்த்த ஸ்லைடுகளையும் மறுபடி பார்த்தீர்களா?

அந்த நோட்டில் என்ன இருந்தது?

உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் வந்தபோது என்ன செய்தீர்கள்?

எண்ணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எண்ணமாக மட்டும்தான் இருந்ததா?

வரிசையாகப் பதில் எழுதுங்கள். வருத்தம் எதுவும் எழுத வேண்டாம்.

மார்ச் 9

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதத் தொடங்கி, அது பொய்யான மரியாதையாக இருக்கும் என்று மாற்றிவிட்டேன். தவறென்றால் சொல். வரிசையாக எழுதுகிறேன்.

உயரமானவர் பார்த்த ஸ்லைடுகளை நான் மறுபடி பார்க்கவில்லை. ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. உன் கடிதம் வரும்வரை இதை நான் யோசித்ததே இல்லை. அவர் அவசரக்காரர், உனக்கும் தெரியும். எத்தனை பேருக்கு இருந்த நோயை இல்லை என்று எழுதி அனுப்பினாரோ, யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் வழியில்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நோட்டு இன்னும் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் எடுத்துவந்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு வருஷம், இரண்டு மாதம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு. அவற்றில் உன் பார்வையும் என் பார்வையும் வேறுபட்டது மூன்று முறை.

மூன்று முறையும் நீ சொன்னதுதான் சரி.

முதல் இரண்டில் மறுபடி பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. நோட்டில் என் கணக்கை அடித்துவிட்டு உன்னுடையதை எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நீ 'இருக்கிறது, மூன்று கிருமி' என்று எழுதியிருந்தாய். நூறு இடம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டிக்கொண்டாய் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். இந்தச் சொல்லை மாற்ற முடியுமா என்று அரை மணி நேரம் பார்த்தேன், முடியவில்லை. அனுப்புவதற்கு நீ வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து என் இழுப்பறையில் வைத்தேன். நான்கு நாள் அது அங்கே இருந்தது. நான்காம் நாள் ஸ்லைடின் ஓரத்தில் மூன்றையும் பார்த்தேன். நீலச் சாயத்தின் நடுவே மூன்று சிவப்புக் குச்சிகள், நீ எழுதியபடியே. ரிப்போர்ட்டை வெளியே போகும் தட்டில் வைத்துவிட்டேன்.

அன்று மதியம் மருத்துவர் லேப்புக்கு வந்து எல்லோர் முன்னாலும் உன்னிடம் கத்தினார். "நாலு நாள் தூங்கினியா? அந்தம்மா தினம் நாப்பது பிள்ளைங்களோட ஒரே அறையில உக்காந்திருக்காங்க" என்றார். 'அனுப்பிவிட்டதாக நினைத்தேன்' என்று சொல்லி நீ மன்னிப்புக் கேட்டாய். நான் பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழுவினேன்.

எண்ணமாக மட்டும் இருந்ததா என்ற கேள்விக்கு இதுதான் பதில். முதல் கடிதத்தில் இதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசை. மறக்கவில்லை.

மார்ச் 28

ஐயா,

அன்று நடந்ததில் நீங்கள் எழுதாத மீதி இது. மருத்துவர் போன பிறகு நீங்கள் எனக்கு ஒரு டீ வாங்கிவந்து மேஜையில் வைத்தீர்கள். முதுகில் ஒருமுறை கை வைத்தீர்கள். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், "இன்னிக்கு அந்த ரூம்ல எனக்குன்னு ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சுது" என்றேன். நாங்கள் உங்களை முதல்முறை சாப்பிடக் கூப்பிட்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த டீயை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நான்கு நாளை என் தவறு என்றே நம்பினேன். முப்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தட்டில் வைத்த பிறகு தொட்டுப் பார்த்து எண்ணுகிறேன். மாணவர்கள் கேலி செய்வார்கள். "சார், அதுக்குக் கால் முளைச்சு ஓடிடாது." ஓடியிருக்கிறது.

இரண்டு கடிதங்களையும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "முழுசா படிங்க, நடுவுல முழுங்காதீங்க" என்றாள். முடித்த பிறகு, "அந்த மனுஷனுக்கு உப்புக் குறைச்சுத் தனியா சமைச்சேனே" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். மகள் போனில், "இப்ப எதுக்குச் சொல்றாராம்? பாரத்தை இறக்கிவைக்க உங்க தோள்தான் கிடைச்சுதா? விட்டுத் தள்ளுங்கப்பா" என்றாள். நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். மூன்று நாள் அந்த முடிவு நின்றது. பிறகு என் மனைவிதான் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "சொல்லாம போயிருந்தா நல்ல மனுஷன்னு அழுதிருப்போம். அது இதைவிட அசிங்கம்." அது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று கேட்டேன். "தெரியாது. மடிக்கற துணியைக் கலைக்காதீங்க" என்றாள்.

கப்பல் என்ற பட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சிரித்தேன் என்பதால் வலிக்கவில்லை என்று எல்லோரும் நினைத்தீர்கள். சிரிக்காவிட்டால் அந்த அறையில் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டேன். ஸ்டோர்காரரை எனக்குத் தெரியும். அவர் முகத்துக்கு நேரே சொன்னார், நானும் முகத்துக்கு நேரே கொடுத்தேன். என்னை அதிரவைப்பது அவர் அல்ல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசாத நீங்கள்.

இப்போது புத்தகம். முதல் பாடத்தை எடுத்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். அந்த வழக்கத்தால் பிழைத்தவர்கள் உண்மை. அது பிறந்த விதம்தான் பொய். அச்சகத்தில் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன். முன்னுரையை நீங்கள் எழுதுங்கள். நோட்டு, உயரமானவர், ஆசிரியை, நான்கு நாள், எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பெயரும் இருக்க வேண்டும். முடியாதென்றால் எழுதிவிடுங்கள், உங்கள் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். அதன் பிறகு நமக்குள் கடிதம் தேவையில்லை.

பாடத்தில் ஒரு விதி சேர்த்திருக்கிறேன். இரண்டாவதாகப் பார்ப்பவருக்கு முதலில் பார்த்தவர் யார் என்று தெரியக் கூடாது. பெயர் மேல் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். இத்தனை வருஷம் இதை யோசிக்காமல் இருந்தது என் மடத்தனம். நல்லவர்கள்தான் மறுபடி பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. பயிற்சிக்காக வைத்திருக்கும் பழைய ஸ்லைடுகள், பத்து. பெயர்கள் தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கின்றன. சில நான் பார்த்தவை, சில என் மாணவர்கள் பார்த்தவை. எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். ஓய்வுபெறும்போது கொடுத்த மைக்ராஸ்கோப் உங்களிடம் இருக்கிறதல்லவா? பார்த்து எழுதுங்கள்.

ஏப்ரல் 12

தம்பிக்கு,

முன்னுரையை முந்தாநாளே தனி உறையில் அனுப்பிவிட்டேன். மூன்று பக்கம் வந்துவிட்டது. முதல் வரி இது: "இந்தப் புத்தகத்தின் முதல் பாடம் ஒரு நல்ல வழக்கத்தைப் பற்றியது. அதை நான் கெட்ட எண்ணத்தோடு தொடங்கினேன். இந்தப் புத்தகத்தை எழுதியவர் அதை நல்லதாக்கினார்." மீதியை நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன். எங்காவது எனக்குச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தால் அடித்துவிடு.

என் மகன் மேஜையில் கிடந்ததைப் படித்துவிட்டான். "எதுக்குப்பா இந்த வயசுல? அச்சுல வந்துட்டா பேரப் பிள்ளைங்க படிப்பாங்க" என்றான். படிக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன். அவன் வேலைக்குப் போனதும் உறையை ஒட்டிவிட்டேன். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானே தபால்ல போட்டுடறேன் மாமா, படி இறங்காதீங்க" என்று வாங்கிக்கொண்டாள். அவளும் படித்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. இரண்டு நாளாக என்னிடம் அதிகம் பேசவில்லை.

மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்து, காலையில் மூன்று, மாலையில் இரண்டு என்று பார்த்தேன். கை நடுங்குவதால் ஸ்லைடை நகர்த்த நேரம் ஆகிறது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது இது யாருடையதாக இருக்கும் என்று மனம் தேடியது. வெள்ளைத் தாளைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகு மனம் களைத்துப்போய் ஸ்லைடை மட்டும் பார்த்தது.

ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்பது: இருக்கிறது. மற்ற ஆறிலும் இல்லை.

ஏப்ரல் 18

ஐயா,

முன்னுரை கிடைத்தது. ஒரு வாக்கியத்தை அடித்திருக்கிறேன், 'அக்காலத்தில் பலரும் அப்படித்தான்' என்று தொடங்குவதை.

பத்தில் ஒன்பது ஒத்துப்போகிறது. ஏழாவது ஒத்துப்போகவில்லை. நீங்கள் இல்லை என்கிறீர்கள், முதலில் பார்த்தவர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். மறுபடி பாருங்கள்.

ஏப்ரல் 24

தம்பிக்கு,

அந்த வாக்கியத்தை அடித்தது சரி.

ஏழாவது ஸ்லைடை எடுத்து மறுபடி நூறு இடம் பார்த்தேன். இல்லை. இன்னொரு நூறு பார்த்தேன், இல்லை. அந்த இடத்தில் எனக்குள் பழைய ஆள் எட்டிப் பார்த்தான். யாரோ அரைகுறை எழுதியிருப்பார்கள் என்றான். யார் என்று தெரியாததால் அவனால் அதற்கு மேல் பேச முடியவில்லை. மூன்றாவது நூறில், கீழ் ஓரத்தில், சாயம் தடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிருமி. தெளிவாக இருந்தன. அவசரப்பட்டு அந்த ஓரத்தை விட்டிருக்கிறேன்.

முதலில் பார்த்தவர் சொன்னதுதான் சரி. நான் பார்த்ததுதான் தவறு. அவரிடம் இதை என் பெயரோடு சொல்லிவிடு. அன்றே இதை உன்னிடம் மூன்று முறை சொல்லியிருக்க வேண்டும்.

மே 2

மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். அண்ணன் என்று எழுத வரவில்லை. ஐயா என்று எழுதவும் இன்று வரவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முன்னுரையை வகுப்பில் வாசித்தேன். குறிப்பு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். முதல் வகுப்பில் நான் சொன்ன குடைக் கதையைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள். கடைசி வரிசையிலிருந்து எங்கள் ஆள் ஒருவன், "சார், நீங்க அவரோட இன்னும் பேசறீங்களா?" என்றான். "எழுதறேன்" என்றேன்.

ஏழாவதை முதலில் பார்த்தவரிடம் சொல்லிவிட்டேன். "பெரியவர் அவராவே எழுதிக் குடுத்தாரா?" என்று இரண்டு முறை கேட்டார். யார் என்று இப்போதும் உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

மன்னித்தாயா என்று ஒரு கடிதத்திலும் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று எழுதியிருப்பேன். இன்றைக்கும் அதுதான் பதில். அடுத்த மாதம் என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு ஸ்லைடு. இவை பழையவை அல்ல. போன வாரத்து நோயாளிகளுடையவை. நான் ஒருமுறை பார்த்துவிட்டேன், ரிப்போர்ட் இன்னும் போகவில்லை. இரண்டாவதாகப் பார்க்க இங்கே லேப்பில் ஆள் போதவில்லை.

நான்கு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.